வல்லாளன் ஊரில் ரோமாபுரிக் கதை
(திருவண்ணாமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளுவது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கௌதம நதியில் தீர்த்தவாரி நடக்கும். பிள்ளையில்லாமல் போரில் மாண்ட வல்லாள மகாராஜாவுக்கு, மகன் முறையில் சாமியே திதி கொடுப்பார். அதற்கு முன்பே, தைப்பூசத்தன்று, ராஜா இறந்துபோன சேதி சாமிக்குச் சொல்லப்படும். மேளதாளத்தோடு ஈசானியக் குளத்துக்கு வந்தவர், சேதி கேட்டபின் ஓசையில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். திதி முடிந்தபிறகு அண்ணாமலையாருக்கே முடிசூட்டும் சடங்கும் உண்டு. செத்துப்போன ராஜாவின் இடத்தில் இனி யார் என்ற கேள்விக்கு இந்தக் கோயில் சொல்லும் விடை அது.

சாமி வந்து விடை சொல்லாத இடங்களில் அதே கேள்விக்கு வாள்தான் விடை சொன்னது. மதுரையில் 1310ஆம் ஆண்டு அப்படி நடந்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமில் திரும்பத் திரும்ப நடந்தது. இரண்டு இடத்திலும் சண்டை போட்டவர்கள் பங்காளிகள். இரண்டு இடத்திலும் கடைசியில் லாபம் அடைந்தவர்கள் வெளியாட்கள். இந்த இரு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் வேலை.

ரோமானியர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். கொங்கு நாட்டில் பானை பானையாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகுதியானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் முகம் பொறித்தவை. மிளகுக்கும் நீலப் பச்சைக் கல்லுக்கும் விலையாக வந்த காசு அது. அந்த அகஸ்டஸ் அரியணைக்கு வந்த வழி முழுக்க உள்நாட்டுப் போரின் ரத்தம்.

ரோம் அப்போது குடியரசு. ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள், அறிவுரை சொல்ல செனட் என்று ஓர் ஒழுங்கு இருந்தது. நாடு பெருகப் பெருகப் படைகள் தொலைதூரத்தில் ஆண்டுக்கணக்காக இருக்க வேண்டிவந்தது. வீரனுக்குச் சம்பளமும் ஓய்வுபெறும்போது நிலமும் வாங்கித் தருபவர் தளபதி. ஆகவே வீரன் தளபதியின் ஆளானான். கி.மு. 88இல் சுல்லா என்ற தளபதி, தன் படைத்தலைமையை மாரியஸ் என்ற இன்னொரு தளபதிக்கு மாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தில், சொந்த ஊரான ரோமின் மீதே படையெடுத்தார். அதுவரை எந்த ரோமானியத் தளபதியும் செய்யாத காரியம். கி.மு. 82இல் அவர் கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியலை எழுதிப் பொது இடத்தில் மாட்டினார். பட்டியலில் பெயர் இருந்தால் யாரும் கொல்லலாம், கொன்றவருக்குப் பரிசு, செத்தவரின் சொத்து ஏலத்துக்கு. கி.மு. 49இல் ஜூலியஸ் சீசர் என்ற தளபதி ரூபிகான் என்ற சிற்றாற்றைப் படையோடு கடந்தபோது, அவருக்கு முன்னே சுல்லா போட்டுவைத்த தடம் இருந்தது. சீசர் கொலையுண்டு, அவர் தத்துப்பிள்ளையும் ஆண்டனியும் மோதி, கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் விவகாரம் முடிந்தது. வென்ற தத்துப்பிள்ளைதான் அகஸ்டஸ்.

அகஸ்டஸ் கெட்டிக்காரர். தன்னை ராஜா என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. குடிமக்களில் முதல்வர் என்றே சொல்லிக்கொண்டார். ராஜா என்று சொன்ன பழியால் சீசர் செத்ததைப் பார்த்தவர் ஆயிற்றே. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்திலேயே ஒரு கோளாறும் இருந்தது. ராஜா இல்லை என்றால் இளவரசனும் இல்லை. அடுத்தவர் யார் என்று எந்தச் சட்டத்திலும் எழுத முடியாது. மகன் இருந்தால் மகன், இல்லாவிட்டால் தத்துப்பிள்ளை, அதுவும் இல்லாவிட்டால் படை யாரைத் தூக்கிவிடுகிறதோ அவர். கி.பி. 68இல் நீரோ வாரிசின்றி இறந்தபோது இந்தக் கோளாறு வெளியே வந்தது. அடுத்த ஆண்டுக்குள் கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் என்று நான்கு பேர் பேரரசர் ஆனார்கள். ஸ்பெயினில் ஒரு படை, ஜெர்மனி எல்லையில் ஒரு படை, கிழக்கே ஒரு படை என ஆளுக்கொருவரை முன்னிறுத்தின. பேரரசரை ரோமுக்கு வெளியேயும் உண்டாக்கலாம் என்ற ரகசியம் அந்த ஆண்டில் அம்பலமாகிவிட்டதை வரலாற்றாசிரியர் டாசிடஸ் கவனித்து எழுதினார்.

கி.பி. 193இல் அதைவிடக் கேவலம் நடந்தது. அரண்மனைக் காவல்படை பேரரசர் பெர்ட்டினாக்சைக் கொன்றுவிட்டு, அரியணையை ஏலம் போட்டது. டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்காரர், வீரன் ஒருவனுக்கு 25,000 செஸ்டர்ஸ் தருவதாகச் சொல்லி ஏலத்தை எடுத்தார். 66 நாள் ஆண்டார். எல்லைப்புறத்திலிருந்து செப்டிமியஸ் செவரஸ் படையோடு வந்ததும், விற்றவர்கள் வாங்கியவரைக் கைவிட்டார்கள். 235 முதல் 284 வரையிலான ஐம்பது ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்டோர் பேரரசர் ஆனார்கள். அவர்களில் படுக்கையில் செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

284இல் வந்த டயோக்ளீஷியன்தான் இதற்கு ஒரு வைத்தியம் கண்டார். ஒருவர் ஆண்டால் அவரைக் கொன்றால் போதும். நான்கு பேர் ஆண்டால்? மூத்தவர் இருவர், இளையவர் இருவர் என்று 293இல் ஆட்சியை நான்காகப் பகிர்ந்தார். மூத்தவர்கள் ஓய்வு பெற்றால் இளையவர்கள் மேலேறுவார்கள். அவர்கள் புதிதாக இருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தலைநகர், ஒரு படை, ஒரு எல்லை. ஏற்பாடு சுமார் பன்னிரண்டு ஆண்டு அழகாக நடந்தது. ஊதா நிறக் கல்லில் செதுக்கிய சிலை ஒன்று இன்னும் இருக்கிறது: நான்கு பேரரசர்கள், இருவர் இருவராகத் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். கூர்ந்து பார்த்தால், மறு கை வாளின் பிடியில் இருக்கும்.

305இல் டயோக்ளீஷியன் தாமாகவே பதவி விலகினார். இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. ஒரு மூத்தவர் பிரிட்டனில் இறந்ததும், அவருடைய படை அவர் மகன் கான்ஸ்டன்டைனைப் பேரரசர் என்று கூவியது. ஏற்பாட்டில் மகனுக்கு இடமில்லை. வீரர்களுக்கோ மகனைத் தவிர வேறு யாரையும் தெரியாது. ரோமில் இன்னொரு மூத்தவரின் மகன் கிளம்பினார். சில ஆண்டுகளில் ஆறு பேர் ஒரே சமயத்தில் பேரரசர் பட்டம் கொண்டாடினார்கள். திரும்ப வந்து ஆளும்படி டயோக்ளீஷியனைக் கெஞ்சினார்களாம். தம் தோட்டத்தில் விளைந்த காய்கறியை நீங்கள் பார்த்திருந்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகப் பழைய நூல் ஒன்று சொல்கிறது. 324இல் மற்ற எல்லாரையும் ஒழித்துக் கான்ஸ்டன்டைன் தனியாளானார். அவர் 337இல் இறந்தவுடன் நெருங்கிய உறவினர்கள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மூன்று மகன்கள் நாட்டைப் பங்கு போட்டார்கள். மூன்றே ஆண்டில், தம்பியின் பங்கின்மேல் படையெடுத்துப் போன மூத்தவர் செத்தார்.

இனி நம் பக்கம் வருவோம்.

தமிழ் மூவேந்தருக்கும் பங்காளிச் சண்டை புதிதல்ல. சங்க காலத்திலேயே சோழர் இருவர் மோதினார்கள்: நெடுங்கிள்ளி உறையூருக்குள் அடைந்திருக்க, நலங்கிள்ளி அதை முற்றுகையிட்டு நின்றான். கோவூர் கிழார் என்ற புலவர் நடுவே போய், தோற்பவன் எவனானாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று எடுத்துச் சொன்னார். கோப்பெருஞ்சோழன் தன் இரண்டு மகன்கள்மேல் போருக்குப் புறப்பட்டபோது, புல்லாற்றூர் எயிற்றியனார் இன்னும் கூர்மையான கேள்வி கேட்டார்: உனக்குப் பின் நாடு அவர்களுக்குத்தானே? அவர்கள் தோற்றுச் செத்தால் நாட்டை யாரிடம் விட்டுப் போவாய்? நீ தோற்றால் பகைவர் சிரிப்பார்களே? சோழன் போரை விட்டு வடக்கிருந்தான். பிசிராந்தையார் வந்து சேர்ந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்த நாம், அந்த வடக்கிருத்தலுக்குப் பின்னே ஒரு வாரிசுச் சண்டை இருந்ததைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

பிற்காலச் சோழர் புலவர் வாயை நம்பி இருக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் ஆதித்த கரிகாலன் கொலை நடந்திருந்தது. கொன்றவர்களின் உறவினர் சொத்துகளைப் பறித்த செய்தி காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. அதற்குப் பின் வந்த ராஜராஜன், தாம் உயிரோடு இருக்கும்போதே, 1012இல், மகன் ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிக் கூடவே ஆளவைத்தார். ராஜேந்திரனும் 1018இல் தம் மகன் ராஜாதிராஜனுக்கு அப்படியே செய்தார். ராஜாதிராஜன் 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானைமேலிருந்தபடியே மாண்டபோது, அங்கேயே தம்பி முடிசூடிப் போரை வென்றார். அடுத்தவர் யார் என்று படைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

பாண்டியர் வழக்கம் வேறு. அவர்கள் ஒரே சமயத்தில் பலருக்கு முடிசூட்டினார்கள். ஒவ்வொருவரும் தமக்கென ஆட்சியாண்டு கணக்கிட்டு, சடையவர்மன், மாறவர்மன் என்று பட்டம் பூண்டு, தனித்தனியே கல்வெட்டுப் பொறித்தார்கள். கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு இன்றும் தலைவலி தருவது இந்தக் கூட்டாட்சிதான். ஒருவர் மதுரையில், மற்றவர் வேறோர் ஊரில் என்று பிரிந்திருந்தாலும், மூத்தவர் வலுவாக இருந்தவரை அது நாட்டுக்கு நல்லதாகவே இருந்தது. பெரிய நிலப்பரப்பைக் காக்க நாலைந்து அரசர்கள் இருந்தார்கள். டயோக்ளீஷியன் யோசித்துச் செய்ததை இவர்கள் குடும்ப வழக்கமாகவே செய்தார்கள்.

அந்த வழக்கத்தின் ஆபத்தும் முன்பே ஒருமுறை தெரிந்ததுதான். 1160களில் பராக்கிரம பாண்டியன், குலசேகர பாண்டியன் என்ற இருவருக்குள் மதுரைக்காகச் சண்டை. பராக்கிரமன் இலங்கையின் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். படை வந்து சேருமுன் அவன் கொல்லப்பட்டான். வந்த படை திரும்பிப் போகவில்லை. இலங்காபுரன் என்ற தண்டநாயகன் ராமேசுவரத்தில் தொடங்கி ஊர் ஊராகப் பிடித்தான். குலசேகரன் சோழரிடம் ஓடினான். பல்லவராயர் தலைமையில் சோழர் படை போய்ச் சிங்களத் தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் அறைந்தது. அந்தப் போர்க் காலத்தில் காஞ்சிப் பக்கத்து மக்களுக்கு எவ்வளவு அச்சம் இருந்தது என்பதை ஆற்பாக்கம் கல்வெட்டு காட்டுகிறது. எதிரிலிசோழச் சம்புவராயர், பகை விலக வேண்டும் என்று உமாபதிதேவர் என்ற சிவாசாரியாரைக் கொண்டு 28 நாள் பூசை செய்வித்து, வெற்றி வந்தபின் ஆற்பாக்கம் ஊரையே அவருக்குக் கொடுத்தார். சம்புவராயர் நம் மாவட்டத்துப் படைவீட்டோடு பிற்காலத்தில் பிணைந்த குடி. சண்டை வைகைக் கரையில். வேண்டுதல் பாலாற்றுப் பக்கத்தில். பங்காளிச் சண்டை அவ்வளவு தூரம் சுட்டது.

1268இல் மாறவர்மன் குலசேகரன் பட்டத்துக்கு வந்தார். 1279க்குப் பிறகு சோழர் பெயர் கல்வெட்டுகளிலிருந்து மறைகிறது. தமிழ்நாடு ஏறக்குறைய முழுவதும் பாண்டியர் கையில். அந்தச் செழிப்பின் உச்சத்தில், 1292ஐ ஒட்டி, மார்க்கோ போலோ காயல் துறையில் இறங்கினார். அவர் வெனிஸ்காரர். நான்கு ரோமானியப் பேரரசர்கள் தோள்மேல் கைபோட்டு நிற்கும் அந்தச் சிலை, இன்று வெனிஸின் பெரிய தேவாலயத்து மூலையில்தான் இருக்கிறது. 1204இல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியவர்கள் கொண்டுவந்தது. காயலில் போலோ கேட்டறிந்து எழுதியதும் கூட்டு அரசர்களைப் பற்றித்தான். இந்த நாட்டில் ஐந்து அரசர்கள், ஐவரும் உடன்பிறந்தோர் என்கிறார். அவர்கள் சண்டைக்குப் புறப்பட்டால் தாய் குறுக்கே விழுவாளாம். மீறிப் போனால் பால் கொடுத்த மார்பையும் சுமந்த வயிற்றையும் அறுத்துக்கொள்வேன் என்று கத்தியை எடுப்பாளாம். தாய் போனபிறகு இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வது நிச்சயம் என்றும் போலோ எழுதிவைத்தார்.

புலவர் இருந்த இடத்தில் இப்போது தாய். சட்டம் இல்லாத இடத்தை ஒரு மனிதரின் வாய்ச்சொல் நிரப்பிக்கொண்டிருந்தது.

பாண்டியர் செல்வத்தின் கணக்கை இன்னொரு வெளிநாட்டவர் எழுதியிருக்கிறார்: பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் பாண்டிநாட்டுத் துறைகளுக்கு வந்தன, ஒன்றுக்கு 220 தினார் விலை என்கிறார். கடலில் செத்துப்போன குதிரைக்கும் விலை உண்டாம். குலசேகரனின் கருவூலத்தில் 1,200 கோடிப் பொன் இருந்ததாகவும் சொல்கிறார். கணக்கு மிகையாக இருக்கலாம். ஆனால் இப்படியொரு கணக்கு பாரசீகம்வரை பரவியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். வியாபாரிக்குத் தெரிந்த சேதி சுல்தானுக்குத் தெரியாமல் இருக்காது.

குலசேகரனுக்கு இரண்டு மகன்கள். சுந்தர பாண்டியன் பட்டத்தரசியின் மகன். வீரபாண்டியன் வேறொரு மனைவியின் மகன் என்கிறார் வஸ்ஸாஃப். தந்தை வீரபாண்டியனையே வாரிசாக்க விரும்பினார். கல்வெட்டுகளைப் பார்த்தாலும் வீரபாண்டியனின் ஆட்சியாண்டு 1297ஐ ஒட்டியும், சுந்தரனின் ஆட்சியாண்டு 1303ஐ ஒட்டியும் தொடங்குகின்றன. இருவர் தலையிலும் முடி இருந்தது. இளவரசு ஒருவனுக்கு மட்டும் என்றால் மற்றவன் கலகக்காரன் ஆவான். இங்கே இருவருமே சட்டப்படி அரசர்கள். 1310இல் சுந்தரன் தந்தையைக் கொன்று கருவூலத்தைக் கைப்பற்றினான் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். தந்தைக்கொலையை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. சண்டையை யாரும் மறுக்கவில்லை. முதலில் சுந்தரன் வென்றான். பிறகு வீரபாண்டியன் மீண்டு வந்தான். சுந்தரன் டெல்லியின் உதவியை நாடினான் என்பது வஸ்ஸாஃப் கதை.

இந்த இடத்தில்தான் நம் வல்லாளன் மேடைக்கு வருகிறான். போசள அரசன் மூன்றாம் வீர வல்லாளன் 1292இல் பட்டத்துக்கு வந்தவன். அவன் வீட்டிலும் இதே கதைதான். பாட்டன் சோமேசுவரன் நாட்டை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்தான். துவாரசமுத்திரம் ஒருவனுக்கு, சமயபுரத்தை அடுத்த கண்ணனூரும் தமிழ்ப் பகுதியும் மற்றவனுக்கு. சிற்றப்பனோடும் சிற்றப்பன் மகனோடும் போராடி 1300ஐ ஒட்டித்தான் வல்லாளன் நாட்டை ஒன்றாக்கினான். பங்காளிச் சண்டையின் நெளிவு சுளிவு தெரிந்த அவனுக்குப் பாண்டியர் சண்டை நல்ல வாய்ப்பாகத் தோன்றியது. பாட்டன் இழந்ததைப் பிடிக்கத் தெற்கே படை கொண்டு போனான். அந்த நேரம் பார்த்து, மாலிக் காஃபூர் தலைமையில் டெல்லிப் படை துவாரசமுத்திரத்தின்மேல் வந்துவிட்டது. ஓடி வந்து பார்த்தவனுக்குப் பணிவதைத் தவிர வழியில்லை. 1311இல் திறை கொடுத்தான். தமிழ்நாட்டுக்குள் போகும் வழியையும் காட்ட வேண்டிவந்தது. மகனை டெல்லிக்கு அனுப்பினான். அவன் 1313இல்தான் திரும்பினான்.

1311 மார்ச்சில் காஃபூர் தமிழ்நாட்டில் நுழைந்தபோது அண்ணன் தம்பி இருவரில் ஒருவரும் நேருக்கு நேர் நின்று போரிடும் நிலையில் இல்லை. வீரபாண்டியன் ஊர்விட்டு ஊர் நழுவினான். ஏப்ரலில் மதுரை வெறிச்சோடிக் கிடந்தது. கோயில்களும் கருவூலங்களும் சூறை போயின. கவிஞர் அமீர் குஸ்ரோ 512 யானைகள் டெல்லிக்குப் போயின என்கிறார். வரலாற்றாசிரியர் பரணி 612 என்கிறார். ஒன்றைச் சொல்ல வேண்டும்: காஃபூர் மதுரையில் தங்கவில்லை, ஆள வரவும் இல்லை. வந்தார், வாரினார், போனார். பாண்டியர் அப்போதாவது ஒன்றுகூடியிருக்கலாம். கூடவில்லை.

அதனால் அடுத்தவர்கள் வரிசையாக வந்தார்கள். கொல்லத்து ரவிவர்மன் குலசேகரன் காஞ்சிவரை போய் வேகவதிக் கரையில் முடிசூட்டிக்கொண்டான். 1316இல் காகதீயப் பிரதாபருத்திரனின் தளபதி முப்பிடி நாயக்கன் காஞ்சியைப் பிடித்தான். 1318இல் டெல்லித் தளபதி குஸ்ரோ கான் படை வந்தது. 1323இல் உலூக் கான், பிற்பாடு முகமது பின் துக்ளக் என்று பெயர் பெற்றவர், மதுரையை டெல்லியோடு சேர்த்தார். ஒரு வீட்டுச் சண்டைக்குப் பதின்மூன்று ஆண்டில் ஐந்து படையெடுப்பு விலை.

ரோமிலும் இப்படித்தான். 394இல் தியோடோசியஸ் என்ற பேரரசர், மேற்கே எழுந்த போட்டிப் பேரரசரை ஃப்ரிஜிடஸ் ஆற்றங்கரையில் வென்றார். முன்னணியில் நின்று செத்தவர்கள் கோத் இனத்துக் கூலிப்படையினர். ரோமானியர் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் நேர்த்தியைப் பக்கத்தில் நின்று பார்த்த கோத் தலைவர்களில் அலாரிக் ஒருவர். பதினாறு ஆண்டு கழித்து, 410இல், அதே அலாரிக் ரோம் நகரைச் சூறையாடினார். வாசல் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தது உள்நாட்டுப் போர்.

இந்தச் சண்டைகளை மதச் சண்டை என்று மட்டும் படிப்பவர்கள் பாதிக் கதையைத்தான் படிக்கிறார்கள். வீரபாண்டியன் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்தார்கள். குலசேகரனின் காயல் துறையை நிர்வகித்த அமைச்சர் தகியுத்தீன் என்ற முஸ்லிம். வல்லாளன் படையில் முஸ்லிம்கள் 20,000 பேர் இருந்ததாகப் பயணி இப்னு பதூதா எழுதுகிறார். மறுபுறம், 1335இல் டெல்லியை உதறிவிட்டு மதுரையில் தனி அரசு கண்ட சுல்தான்களையும் அதே நோய் பிடித்தது. முதல் சுல்தான் ஜலாலுதீன் அஹ்சன் 1340ஐ ஒட்டிக் கொல்லப்பட்டார். அடுத்தவர் ஓராண்டு ஆண்டு, போரில் வென்ற கையோடு அம்பு பட்டு இறந்தார். அதற்கடுத்தவர் நாற்பதே நாளில் கொலையுண்டார். பிறகு கியாசுதீன் வந்தார். ரோமின் மூன்றாம் நூற்றாண்டு மதுரையில் நடந்ததுபோல் இருக்கிறது.

இத்தனை குழப்பத்துக்கும் நடுவே, 1328ஐ ஒட்டி வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் தலைநகர்களில் ஒன்றாக்கினான். துவாரசமுத்திரம் டெல்லிப் படைகளின் வழியில் கிடந்தது. இங்கே மலை இருந்தது. மதுரைமேல் கண் வைக்கவும் கன்னட நாட்டோடு தொடர்பு வைக்கவும் ஏற்ற இடம். அருணசமுத்திரம் என்று ஊருக்கு அவன் காலத்தில் பெயர் வழங்கியது. கோயிலில் அவன் பெயர் சொல்லும் கோபுரமும் அதிலுள்ள அவன் சிலையும் இன்றும் நாம் பார்ப்பவை.

கடைசிப் போரை இப்னு பதூதா விவரித்திருக்கிறார். அவர் மதுரை முதல் சுல்தானின் மருமகன். கியாசுதீனின் முகாமிலேயே தங்கியவர். வல்லாளனுக்கு எண்பது வயதுக்கு மேல். பாட்டன் ஆண்ட அதே கண்ணனூரைப் பல மாதம் முற்றுகையிட்டிருந்தான். உள்ளே இருந்தவர்கள் கோட்டையை ஒப்படைக்கத் தயார், மதுரைக்கு எழுதிக் கேட்கத் தவணை வேண்டும் என்றார்கள். வெற்றி கைக்கெட்டிய கிழவன் பதினாலு நாள் தவணை கொடுத்தான். அந்தத் தவணைக்குள் கியாசுதீன் ஆறாயிரம் பேரோடு பாய்ந்து வந்தார். வல்லாளன் முகாமில் குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வருபவர்கள் திருடர்கள் என்று எண்ணி ஒழுங்கின்றி எதிர்கொண்டார்கள். ராஜா பிடிபட்டான். பொருளையெல்லாம் வாங்கிக்கொண்டு அவனைக் கொன்று, உடலின் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். தாமே அதைப் பார்த்ததாக இப்னு பதூதா சொல்கிறார். ஆண்டு 1342.

சைவ எல்லப்ப நாவலரின் அருணாசலப் புராணத்தில் வல்லாள மகாராசன் பிள்ளையில்லாதவன். மல்லம்மாள், சல்லம்மாள் என்று இரண்டு தேவியர். சோதிக்க வந்த சிவன் குழந்தையாகத் தவழ்ந்து மறைகிறார். ஆனால் வரலாற்றில் வல்லாளனுக்கு மகன் உண்டு. விரூபாட்ச வல்லாளன் 1343இல் பட்டம் கட்டிக்கொண்டான். 1346க்குப் பிறகு அவனைப் பற்றிய பேச்சே இல்லை. போசள நாடு, 1336இல் தோன்றிய விஜயநகரத்துச் சங்கம சகோதரர் கைக்குப் போய்விட்டது. ஊர் ஞாபகம் கணக்கை நேராக்கிக்கொண்டது: ஆள முடியாத மகனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அண்ணாமலையாரை வைத்தது. வீட்டில் வாரிசு இல்லாத பெரியவருக்குக் கொள்ளி வைக்க யார் என்று கவலைப்படும் ஊருக்கு, அரசவம்ச அட்டவணையைவிட அது பொருத்தமாகப் பட்டிருக்கிறது.

விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணன் படைவீட்டுச் சம்புவராயரை வென்று, 1371ஐ ஒட்டி மதுரைச் சுல்தானியத்தை முடித்தார். விஜயநகரமும் அதே வியாதியிலிருந்து தப்பவில்லை. 1614இல் இரண்டாம் வேங்கடபதி இறந்ததும் வேலூரில் புதிய அரசர் ஸ்ரீரங்கன் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். ஒரே ஒரு சிறுவன், ராமதேவன், வண்ணார் ஒருவரின் உதவியால் கோட்டைக்கு வெளியே கடத்தப்பட்டான். கொலைக்குத் தலைமை தாங்கிய ஜக்கராயன் பக்கம் மதுரையும் செஞ்சியும். சிறுவன் பக்கம் யாசம நாயக்கரும் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரும். கல்லணைக்கு அருகே தோப்பூரில் தமிழ்நாட்டின் நாயக்கர்கள் எல்லாரும் இரண்டாகப் பிரிந்து வெட்டிக்கொண்டார்கள். சிறுவன் கட்சி வென்றது. பேரரசு மீளவில்லை.

1748இல் ஹைதராபாத் நிஜாம் இறந்தார். மகனுக்கும் பேரனுக்கும் போட்டி. ஆற்காட்டு நவாப் பதவிக்கு அன்வருதீனுக்கும் சந்தா சாகிபுக்கும் போட்டி. இரண்டு சண்டையும் ஒன்றாகக் கலந்தன. 1749 ஆகஸ்ட் 3இல் ஆம்பூரில் பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிப் பக்கம் வென்றது, அன்வருதீன் மாண்டார். அவர் மகன் முகமது அலி ஆங்கிலேயர் பக்கம் போனார். இந்த நாட்களின் அரண்மனைப் பேரங்களையெல்லாம் புதுச்சேரியில் இருந்தபடி ஆனந்த ரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். 1752இல் சந்தா சாகிபின் தலை போயிற்று. வென்ற முகமது அலி, உதவிக்கு வந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடன்காரர் ஆனார்.

அந்தக் காலத்தில் அண்ணாமலையார் கோயில் மதில்களே கோட்டையாகப் பயன்பட்டன. 1767 செப்டம்பரில் செங்கத்திலும், பிறகு இதே திருவண்ணாமலையிலும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை ஹைதர் அலியையும் நிஜாமையும் எதிர்த்துப் போரிட்டது. நவாபின் நாட்டுக்காக என்று பெயர், படை கம்பெனியுடையது, செலவு நவாபின் கணக்கில்.

1801 ஜூலையில் நவாப் உம்தத்துல் உமரா இறந்தார். மகனைக் கம்பெனி அழைத்து, நாட்டை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டது. அவர் மறுத்தார். உடனே அதே குடும்பத்தில் இன்னொருவரான அஸீமுத் தௌலாவை அழைத்தார்கள். அவர் கையெழுத்திட்டார், அவரே நவாப் ஆனார். 193இல் ரோமானியக் காவல்படை செய்த வியாபாரம்தான். ஒரு வேறுபாடு: இங்கே விலையைக் கொடுத்தவரிடம் அரியணையின் பெயர் மட்டும் தங்கியது. அந்த ஆண்டிலிருந்து திருவண்ணாமலைச் சீமையின் நிலவரி, தென்னார்க்காட்டுக் கலெக்டர் வழியாகக் கம்பெனிக் கஜானாவுக்குப் போனது.